பிரித்துப் பார்ப்பது குற்றமா?

சந்தையில் வெண்டைக்காய் வாங்குகிறவர் நுனியை ஒடித்துப் பார்ப்பார். சட்டென்று ஒடிந்தால் பிஞ்சு. வளைந்து நார் இழுத்தால் முற்றல். கடைக்கார அம்மா அதட்டுவார்: "ஒடிச்சுப் போட்டுட்டுப் போனா, அந்தக் காயை அப்புறம் யாரு வாங்குவா?" இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒடிக்காமல் பக்குவம் தெரியாது. ஒடித்த காய் அடுத்தவருக்கு ஆகாது. பொருளை அறிந்துகொள்ள வாங்குபவர் எதுவரை போகலாம், பார்ப்பது எந்த இடத்தில் முடிந்து அனுபவிப்பது தொடங்குகிறது என்ற கேள்வியை அறநூல்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கேட்டுவருகின்றன.

இணைய வணிகம் அந்தக் கேள்வியை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்துவிட்டது. முன்பு பார்த்தபின் பணம் கொடுத்தார்கள். தியாகராய நகர் ஜவுளிக்கடையில் இருபது சேலையைப் பிரித்துப் போட்டு, முந்தானையைத் தோளில் வைத்துக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, எதுவும் எடுக்காமலே எழுந்து வரலாம். கடை ஊழியர் முகம் கோணாமல் மடித்து வைப்பார். இன்று பணம் முதலில் போகிறது, பொருள் பிறகு வருகிறது. திரையில் அரக்காகத் தெரிந்த சேலை கையில் செங்கல் நிறமாக இருக்கிறதா என்பது உறையைக் கிழித்த பிறகே தெரியும். ஆக, பெட்டியைப் பிரிப்பதுதான் அந்தப் பொருளின் மேல் விழும் முதல் பார்வை. அந்தப் பார்வையையே காரணம் காட்டி, "சீல் உடைந்துவிட்டது, திருப்பி எடுக்க முடியாது" என்று விற்றவர் சொன்னால், பார்த்ததற்கே தண்டனை என்று ஆகிவிடுகிறது.

ஒரு மிக்ஸியை எடுத்துக்கொள்வோம். பழுப்பு நாடாவைக் கத்தியால் கீறி, தெர்மாகோலை விலக்கி, ஜாரைப் பொருத்தி, ஒரு பிடி ஊறிய அரிசியைப் போட்டு ஓடவிட்டால்தான் மோட்டார் சீராகச் சுற்றுகிறதா, கருகல் வாடை வருகிறதா, மூடியின் வாஷர் வழியாக மாவு கசிகிறதா என்பதெல்லாம் தெரியும். அந்த ஒரு பிடி அரிசி சோதனையா, பயன்பாடா? இந்தக் கேள்விக்கு அதன் முழுக் கனத்தோடு முகம் கொடுத்தவர்கள் இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள்.

தமிழ்நாட்டு முஸ்லிம்களிடையே இரண்டு சட்ட மரபுகள் வழக்கில் உள்ளன. கடற்கரை ஊர்களின் மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபையும், உள்நாட்டு ராவுத்தர்கள் ஹனஃபி மத்ஹபையும் பின்பற்றுகிறார்கள். கண்ணால் காணாத பொருளை விற்பது குறித்து இந்த இரண்டும் வேறு வேறு முடிவுக்கு வந்தன. நேரில் இல்லாத, பார்த்திராத பொருளின் விற்பனை செல்லாது என்பது ஷாஃபி மரபில் வலுவான கருத்து. வகை, அளவு, தரம் எல்லாவற்றையும் துல்லியமாக விவரித்து, விலை முழுவதையும் முன்பே கொடுத்துச் செய்யும் 'ஸலம்' ஒப்பந்தத்துக்கு மட்டும் இடமுண்டு. அப்போதும் வந்து சேரும் பொருள் விவரித்தபடியே இருந்தாக வேண்டும். ஹனஃபி மரபோ விற்பனையை அனுமதித்துவிட்டு, வாங்கியவர் கையில் ஓர் உரிமையைக் கொடுத்தது. பொருளைப் பார்த்தபின் வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடலாம். குறை எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

12ஆம் நூற்றாண்டில் மர்கீனானி எழுதிய 'ஹிதாயா' ஹனஃபி மரபின் முதன்மை நூல்களில் ஒன்று. 1791இல் சார்லஸ் ஹாமில்டனின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்த பிறகு ஆங்கிலேயர் நடத்திய இந்திய நீதிமன்றங்களிலும் புழங்கியது. 'பார்த்தல்' என்றால் என்ன என்பதை அந்த நூல் பொருளுக்குப் பொருள் பிரித்துப் பேசுகிறது. தானியக் குவியலுக்கு மேற்பரப்பைப் பார்த்தால் போதும், உள்ளிருப்பது அதைவிட மட்டமாக இல்லாதவரை. உணவுப் பண்டத்தைச் சுவைத்துப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு முற்றத்தைப் பார்த்தால் போதுமா, அறைகளுக்குள்ளும் நுழைந்து பார்க்க வேண்டுமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு. பார்வையற்றவர் வாங்கினால் தொட்டோ முகர்ந்தோ சுவைத்தோ அறிவதுதான் அவருக்குப் பார்ப்பது. ஒவ்வொரு பொருளுக்கும் அதை அறிவதற்கென்று ஒரு வழி இருக்கிறது, அந்த வழியில் போவது வாங்குபவரின் உரிமை என்ற தெளிவு இதில் இருக்கிறது. மிக்ஸியை அறியும் வழி அதை ஓட்டிப் பார்ப்பது.

அந்த மரபின் இன்னொரு விதி இன்றைய கைப்பேசித் திரைக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. பார்ப்பதற்கு முன்பே வாங்குபவர் 'எனக்குச் சம்மதம்' என்று சொல்லிவிட்டாலும் அவருடைய உரிமை போய்விடாது. அறியாத ஒன்றுக்குக் கொடுத்த சம்மதம் முழுச் சம்மதம் ஆகாது என்பதே காரணம். நிபந்தனைகளைப் படிக்காமல் 'ஏற்கிறேன்' என்ற கட்டத்தைத் தொடும் கோடிக்கணக்கான விரல்களை நினைத்தால் இந்த விதியின் ஆழம் புரியும்.

மேற்பரப்புக்குக் கீழே கைவிட்டுப் பார்ப்பதற்கு நபிகள் நாயகத்தின் வாழ்விலேயே முன்மாதிரி உண்டு. சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் அவர் கையை நுழைத்தபோது விரல்கள் ஈரமாயின. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று கண்டித்தார். ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் பதிவான நிகழ்ச்சி இது. மூடியதைத் திறந்து பார்ப்பதில் தவறில்லை, மறைத்ததே தவறு என்பதை அந்தக் கண்டிப்பு காட்டுகிறது.

பயன்படுத்திவிட்ட பொருளைத் திருப்புவது பற்றியும் ஒரு ஹதீஸ் பேசுகிறது. சில நாள் கறக்காமல் மடியைக் கட்டிவைத்து, பால் நிறையத் தருவதுபோல் காட்டி ஆட்டை விற்பது ஒரு பழைய ஏமாற்று. வாங்கியவர் கறந்து பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். அப்படி வெளிப்பட்டால் 3 நாளுக்குள் ஆட்டைத் திருப்பலாம். அதோடு ஒரு ஸாஉ, அதாவது நான்கு இரட்டைக் கையளவு, பேரீச்சம்பழம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கறந்து குடித்த பாலுக்கு அது ஈடு. ஏமாற்றியவர் விற்றவர்தான், ஆனாலும் வாங்கியவர் குடித்த பால் அவருக்கு இலவசம் இல்லை. ஷாஃபி உள்ளிட்ட பல மரபுகள் இதை அப்படியே ஏற்றன. ஹனஃபி அறிஞர்கள் மாறுபட்டார்கள். கறந்தது குற்றமாகவில்லை, குடித்ததற்குக் கணக்கும் விடுபடவில்லை என்பதுதான் இந்தத் தீர்வின் நுட்பம்.

இந்தியத் தரும நூல்களும் இதே இடத்தைத் தொட்டிருக்கின்றன. வாங்கியோ விற்றோ மனம் மாறியவர் 10 நாளுக்குள் திருப்பலாம் என்கிறது மனுஸ்மிருதி. அர்த்தசாஸ்திரம் வணிகர்களுக்கு ஓர் இரவும், உழவர்களுக்கு மூன்று இரவும், கால்நடை வளர்ப்போருக்கு ஐந்து இரவும் கொடுக்கிறது. நாரதஸ்மிருதி இன்னும் நுணுக்கமானது. வாங்கிய அன்றே, சேதமில்லாமல் திருப்பினால் முழு விலை. இரண்டாம் நாள் திருப்பினால் விலையில் முப்பதில் ஒரு பங்கு கழியும், மூன்றாம் நாள் அதைப்போல் இரு மடங்கு. அதற்கு மேல் பொருள் வாங்கியவருடையது. சோதித்துப் பார்க்கவும் தனித்தனி கெடு உண்டு: கறவை மாட்டுக்கு 3 நாள், பொதி சுமக்கும் விலங்குக்கு 5 நாள், மணிகளுக்கும் முத்துக்கும் 7 நாள், தானியத்துக்கு 10 நாள், இரும்புக்கும் துணிக்கும் ஒரு நாள். அதே பட்டியலில் மனிதர்களும் இருந்தார்கள் என்பதை மறைத்துவிட்டு இந்த நூலைப் புகழ்வது நேர்மை ஆகாது. ஆணையும் பெண்ணையும் விலைப்பொருளாக்கிய சமூகத்தின் சட்டம் அது. அந்தக் கொடுமையை மறுத்துவிட்டு, பொருளின் தன்மைக்கு ஏற்ற கால அளவு என்ற ஒரு கருத்தை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நவீனச் சட்டத்தில் இந்தக் கருத்தை அதிகம் வளர்த்தது ஐரோப்பா. 2011ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய நுகர்வோர் உரிமை ஆணைப்படி, தொலைவிலிருந்து வாங்கியதைக் காரணம் சொல்லாமலே 14 நாளுக்குள் கைவிடலாம். கடையில் எந்த அளவுக்குச் சோதிக்க விடுவார்களோ அந்த அளவுக்கு வீட்டிலும் சோதிக்கலாம். சட்டையைப் போட்டுப் பார்க்கலாம், போட்டுக்கொண்டு ஊர் சுற்றக் கூடாது. அளவு மீறியதால் மதிப்புக் குறைந்தால் அந்தக் குறைவுக்கு வாங்கியவர் பொறுப்பு. உடல்நலம், சுகாதாரம் கருதி முத்திரையிட்ட பொருள்களை முத்திரை உடைத்தபின் திருப்ப முடியாது என்ற விதிவிலக்கும் உண்டு.

அந்த விதிவிலக்கு எதுவரை நீளும் என்று ஒரு மெத்தையை வைத்து வழக்கு நடந்தது. ஜெர்மனியில் ஒருவர் 1,094.52 யூரோ கொடுத்து இணையத்தில் மெத்தை வாங்கி, அதன்மேல் இருந்த பாதுகாப்புப் படலத்தைக் கிழித்துவிட்டு, பிறகு வேண்டாம் என்றார். படலம் போனபின் அது சுகாதாரப் பொருள், எடுத்துக்கொள்ள முடியாது என்றது நிறுவனம். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 மார்ச் 27இல் வாங்கியவர் பக்கம் தீர்ப்பளித்தது. உடுத்திப் பார்த்த ஆடை உடலில் படத்தான் செய்கிறது. அதைத் தூய்மைப்படுத்தி மறுபடி விற்க முடிகிறது என்றால் மெத்தையையும் அப்படியே செய்யலாம் என்பது நீதிமன்றத்தின் வாதம். இதற்கு முன்பே, 2010 நவம்பர் 3இல், ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் தண்ணீர் மெத்தை வழக்கு ஒன்றை முடித்துவைத்திருந்தது. 1,265 யூரோவுக்கு வாங்கியவர் மெத்தையில் தண்ணீர் நிரப்பி மூன்று நாள் பயன்படுத்திவிட்டுத் திருப்பினார். நிரப்பிய மெத்தையை இனி விற்க முடியாது என்று சொல்லி, சூடேற்றும் கருவிக்கு உரிய 258 யூரோவை மட்டும் திருப்பித் தந்தார் விற்றவர். தண்ணீர் நிரப்பாமல் தண்ணீர் மெத்தையை எப்படிச் சோதிப்பது என்பதே வழக்கின் சாரம். முழுத் தொகையையும் தரச் சொன்னது நீதிமன்றம்.

இந்தியாவில் நிலை வேறு. மனம் மாறிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக இணையத்தில் வாங்கியதைத் திருப்பும் பொதுவான சட்ட உரிமை இங்கே கிடையாது. அது அந்தந்த நிறுவனத்தின் கொள்கையைப் பொறுத்தது. ஆனால் குறையுள்ள பொருள் என்றால் கதையே வேறு. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறையுள்ளது, போலியானது, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாதது, சொன்ன நாளைத் தாண்டி வந்தது என்றால் விற்பனையாளர் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது. தாமதத்தில் மட்டும், மனிதக் கட்டுப்பாட்டை மீறிய காரணங்களுக்கு விலக்கு உண்டு. ரசீதில் கெடு எதுவும் இல்லாவிட்டால், 30 நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தராமல் மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பெட்டி பிரிந்திருந்தால் இந்த உரிமை போய்விடும் என்று இவற்றில் எங்கும் இல்லை.

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் நுகர்வோருக்குத் துணை நிற்கிறது. முன்பு பார்த்திராத பொருள் கைக்கு வந்தால், ஒப்பந்தப்படி இருக்கிறதா என்று சோதிக்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை அதை ஏற்றுக்கொண்டதாகக் கருத முடியாது என்கிறது 41ஆம் பிரிவு. வாங்கியவர் பொருளைத் தன் சொந்தமாகவே நடத்திவிட்டால் ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்கிறது 42ஆம் பிரிவு. இரண்டையும் சேர்த்துப் படித்தால், பிரித்த பெட்டியின் முன் உட்கார்ந்திருப்பவர் சற்று நேரத்துக்கு இன்னொருவர் பொருளின் காவலர் என்று விளங்கும். பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேணுவதுதான் நல்ல வாணிகம் என்று திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரம் வணிகருக்குச் சொன்ன அறம், அந்தச் சற்று நேரத்துக்கு வாங்கியவருக்கும் பொருந்துகிறது.

இதை மறந்தவர்களால் வரும் கேடு சிறிதல்ல. வரவேற்புக்குப் பட்டுச்சேலை உடுத்தி, விலைச்சீட்டை உள்ளே மறைத்துவைத்து, மறுநாள் 'நிறம் பிடிக்கவில்லை' என்று திருப்புகிறவர் ஒரு பெருநிறுவனத்தை வென்றதாக நினைக்கலாம். வியர்வை படிந்த அந்தச் சேலை பல நேரம் போய்ச் சேருவது ஒரு சிறு விற்பனையாளரின் அறைக்கு. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியையொட்டித் தொகுக்கப்பட்ட யூதர்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னா, வாங்கும் எண்ணமே இல்லாமல் ஒரு பொருளின் விலையைக் கேட்பதுகூட விற்பவருக்கு இழைக்கும் தீங்கு என்கிறது. வைத்துக்கொள்ளும் எண்ணமே இல்லாமல் வாங்குவதை அது எப்படிப் பார்த்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் ஒரு சிலரின் வஞ்சகத்துக்காக எல்லா வாங்குபவரையும் சந்தேக வட்டத்தில் நிறுத்துவது நியாயமில்லை. பெட்டியைப் பிரிப்பதை வெட்டோ ஒட்டோ இல்லாமல் ஒரே வீடியோவாக எடுத்து அனுப்பினால்தான் புகாரையே கேட்போம் என்று விற்பனையாளர்கள் பலர் நிபந்தனை வைக்கிறார்கள். ஸ்மார்ட்போன் பழகாத முதியவர், ஒரு கையில் குழந்தையோடு கதவைத் திறக்கும் தாய், கூலி வேலை முடிந்து இருட்டில் வீடு திரும்புகிறவர் ஆகியோருக்கு அந்த நிபந்தனையே கதவடைப்பு. வீடியோ இருந்தால் நல்ல சான்று. அது இல்லாததால் உரிமை அழிந்துவிடாது. மறுக்கப்பட்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும், தாம் குடியிருக்கும் மாவட்டத்தின் குறைதீர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை.

விதி செய்வோர் செய்யவேண்டிய வேலையும் ஒன்று பாக்கி இருக்கிறது. எந்தப் பொருளை எத்தனை நாள், எதுவரை சோதிக்கலாம் என்பதை இன்று ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி எழுதிக்கொள்கிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதைப் பொருள்வாரியாக வகுத்து அறிவிக்கலாம். மிக்ஸியை ஓட்டிப் பார்க்கலாம், செருப்பை வீட்டுத் தரையில் நடந்து பார்க்கலாம், உள்ளாடையையும் முகப்பூச்சையும் முத்திரை உடைத்தால் குறை இருந்தால் மட்டுமே திருப்பலாம், சோதனையைத் தாண்டிப் பயன்படுத்தியதற்கு விலையில் இன்ன விழுக்காடு கழியும் என்று தெளிவாக எழுதிவிட்டால், சிறு விற்பனையாளருக்கும் தன் இழப்பின் எல்லை தெரியும், வாங்குகிறவரும் கத்தியை எடுத்து நாடாவைக் கீறும்போது தயங்க வேண்டியிருக்காது.