எடுத்த கிணற்றில் விடுவது

எங்கள் ஆயா கிணற்றுத் தண்ணீரை இரண்டாக மடித்த வேட்டித் துணியில் வடிகட்டித்தான் குடத்தில் ஊற்றுவாள். வந்தவாசிப் பக்கத்துச் சமண வீடுகளில் அது பழைய வழக்கம். தண்ணீரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நம்மால் சாகக் கூடாது என்பதற்காக. ஆனால் வடிகட்டியதோடு அவள் வேலை முடியாது. துணியைத் திருப்பிப் பிடித்து, வடித்த தண்ணீரையே கொஞ்சம் ஊற்றி அலசி, அந்த அலசலை வாளியில் சேர்த்து, மறுபடி கிணற்றடிக்குப் போவாள். வாளியைத் தண்ணீர் மட்டம் வரைக்கும் இறக்கி, மெல்லச் சாய்ப்பாள். ஒருநாள் நான் சோம்பல்பட்டு அதை வாழைமரத்தடியில் கொட்டிவிட்டேன். "எந்தக் கெணத்துல மொண்டமோ அந்தக் கெணத்துலதான்டா உடணும். எடுத்தது நாமதான?" என்றாள். அடிக்கவில்லை. அன்றைக்கு முழுவதும் என்னோடு பேசவுமில்லை.

ஆயாவின் அந்தச் சொல் என் தொழிலில்தான் எனக்குத் திரும்பி வந்தது. நான் 34 ஆண்டுகள் டிவி மெக்கானிக்காக இருந்தவன். 2006 முதல் 2011 வரை தமிழக அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட இலவச வண்ணத் தொலைக்காட்சிகளைக் கொடுத்தது. 14 இன்ச் பெட்டி, உள்ளே பிக்சர் டியூப். எங்கள் சுற்றுவட்டாரத்தில் அவற்றில் நூற்றுக்கணக்கானவை என் கை பட்டுத்தான் ஓடின. பிறகு தட்டை டிவி வந்தது. பழைய பெட்டிகள் பரணுக்குப் போயின, பரணிலிருந்து பழைய இரும்புக் கடைக்குப் போயின.

அங்கே நடப்பதைப் பார்த்திருக்கிறேன். பின்மூடியைக் கழற்றுவார்கள். டியூபின் கழுத்தை ஒரே அடியில் உடைப்பார்கள். கழுத்தில் சுற்றியிருக்கும் யோக் காயிலில் செம்பு இருக்கிறது, அதை எடுத்துக்கொள்வார்கள். ஒயர்களைக் கொளுத்தி அதிலுள்ள செம்பையும் எடுப்பார்கள். கண்ணாடி ஏரிக்கரையில் கிடக்கும். பார்ப்பவர் மேல் எக்ஸ் கதிர் படாமலிருக்க அந்தக் கண்ணாடியில் ஈயம் சேர்த்திருக்கிறார்கள். பெரிய பெட்டி ஒன்றில் ஒரு கிலோவுக்கு மேல்கூட இருக்கும். முழுதாக இருக்கும் வரை அது யாரையும் ஒன்றும் செய்யாது. நொறுங்கி, மழையில் நனைந்து கிடந்தால் ஈயம் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்கும் தண்ணீருக்கும் போகும்.

இது யாருடைய வினை? உடைத்த பையனுடையதா, வாங்கிப் பார்த்த குடும்பத்துடையதா, செய்து விற்றவருடையதா? பல வருடங்கள் இதை நினைத்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த பதில் எங்கள் சமண நூலான உமாஸ்வாமியின் தத்துவார்த்த சூத்திரத்தில், ஆறாம் அத்தியாயத்தில் இருக்கிறது. ஒரு செயல் தானே செய்தது, பிறரைக் கொண்டு செய்வித்தது, பிறர் செய்ய உடன்பட்டது என்று மூன்று வகையாக உயிரைப் பற்றும். அதுமட்டுமல்ல, எண்ணித் திட்டமிடுவது, அதற்கான பொருளைச் சேர்ப்பது, செய்யத் தொடங்குவது என்று மூன்று படிகள். மனம், வாக்கு, உடல் மூன்று. கோபம், செருக்கு, வஞ்சம், பேராசை நான்கு. பெருக்கினால் 108. எங்கள் ஜபமாலையின் 108 மணிகளுக்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

இந்தக் கணக்கில் வினை ஏரிக்கரையில் தொடங்குவதில்லை. வரைபடம் போடும் மேசையில் தொடங்குகிறது. அதே அத்தியாயம் இன்னொன்றும் சொல்கிறது: அறிந்து செய்ததும் அறியாமல் செய்ததும் ஒரே எடை அல்ல. கண்ணாடிக்குள் என்ன இருக்கிறது என்று அந்தப் பையனுக்குத் தெரியாது. அதில் ஈயத்தைச் சேர்த்தவருக்குத் தெரியும். அதனால் பெரும்பங்கு பெட்டியைச் செய்து விற்றவரைச் சேரும் என்றே நான் நம்புகிறேன். விற்றதோடு உறவு முடிந்தது என்பது வியாபாரக் கணக்கு, வினைக் கணக்கு அப்படி முடியாது.

மழைக்காலத்தில் பொன்னூர் மலைப் பக்கம் சமண முனிவர்கள் வந்து தங்கும்போது கவனித்திருக்கிறேன். கமண்டலத்தைக் கீழே வைக்குமுன் அந்த இடத்தை மயிற்பீலியால் வருடுவார்கள். அவர்களுக்கு விதித்த ஐந்து சமிதிகளில், அதாவது கவன ஒழுக்கங்களில், நான்காவது, பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் கவனம். ஐந்தாவது, கழிப்பதில் கவனம். கழிவை எங்கே விடுகிறோம் என்பது நடை, பேச்சு, உணவு இவற்றோடு சமமாக வைக்கப்பட்ட ஒழுக்கம்.

1990-இல் ஸ்வீடனில் தாமஸ் லிண்ட்க்விஸ்ட் என்பவர் தம் அரசுக்கு இதையே வேறு சொற்களில் எழுதிக் கொடுத்தார்: பொருளின் கடைசிநாள் வரை தயாரிப்பாளர் பொறுப்பு. அடுத்த ஆண்டே ஜெர்மனி பேக்கிங் பொருள்களுக்கு அப்படிச் சட்டம் போட்டது. நம் நாட்டில் 2011-இல் மின்னணுக் கழிவுக்கு விதிகள் வந்தன. இப்போதுள்ள விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கின்றன. தயாரிப்பாளர், பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சான்றிதழ் வாங்கித் தன் மறுசுழற்சி இலக்கை எட்டியதாகக் காட்ட வேண்டும்.

இதை வரவேற்கிறேன். ஆனால் ஒன்று மனதை உறுத்துகிறது. ஒருவர் வினையை இன்னொருவர் தீர்க்க முடியாது என்பது எங்கள் நெறியின் அடிப்படை. காசு கொடுத்து வாங்கிய காகிதம் பொறுப்பாகுமா? அந்தச் சான்றிதழ்க் கணக்கும் தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு என்ற நான்கு உலோகங்களை வைத்தே தொடங்கியிருக்கிறது. இரும்புக் கடைக்காரரும் விலை போவதைத்தான் எடுத்துக்கொண்டார். விலை போகாத கண்ணாடியை யார் கணக்கில் எழுதுவது?

எனக்குத் தெரிந்தவரை, தயாரிப்பாளரே திரும்ப வாங்கிப் பிரிக்க வேண்டும் என்ற நிலை வந்தால் பொருளைச் செய்கிற விதமே மாறும். பழைய டிவியின் பின்மூடியை நாலு ஸ்க்ரூவில் திறந்துவிடுவேன். இன்றைய செல்போனில் பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். சூடு காட்டி, நெம்பி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டியிருக்கிறது. செல்போன் போன்ற கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றும்படி செய்ய வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சட்டம் இயற்றியது. 2027 பிப்ரவரியில் அது நடப்புக்கு வருகிறது. சான்றிதழைவிட இதை நான் பெரிதாக மதிக்கிறேன். இது திட்டமிடும் படியிலேயே கை வைக்கிறது.

மூன்றாவது பங்கு உடன்பட்டவர்களுடையது. அது நீங்களும் நானும். பழுது பார்க்க முடியாத டியூப்களைப் பல வருடம் நானே இரும்புக் கடைக்குப் போட்டிருக்கிறேன். கண்ணாடி எங்கே போகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்த வினை என்னுடையது. இப்போது என் கடையின் பின்கட்டில் 19 டியூப்கள் உடையாமல் சாக்கில் சுற்றிக் கிடக்கின்றன. கண்ணாடியையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும் பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் கொடுப்பது என்று மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணில் அந்த 14 இன்ச் பெட்டி இன்னும் இருந்தால், செம்புக்காக உடைப்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள். எடுக்க வருபவரிடம் கண்ணாடியை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள்.