நிலம் கேட்குமுன்

ஓசூருக்கு இன்னும் நிலம் வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறார்கள். தொழில் முனைவோர் கூட்டங்களில் அதே பேச்சு, மாநகராட்சி வட்டாரத்தில் அதே பேச்சு, பெங்களூரிலிருந்து வரும் முதலீட்டாளர் காரைவிட்டு இறங்கியதும் கேட்கும் முதல் கேள்வியும் அதுவே. அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட்டின் புதிய கட்டங்கள், மின்னணு ஆலைகள், 2024 ஜூனில் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்ட 2,000 ஏக்கர் விமான நிலையம், இவற்றைச் சுற்றி முளைக்கப்போகும் கிடங்குகள், விடுதிகள், மனைப்பிரிவுகள் என்று தேவைப்பட்டியல் நீள்கிறது. ஊர் வளர நிலம் கேட்பதில் குற்றமில்லை. எப்படிக் கேட்கிறோம், யாரிடம் கேட்கிறோம், வாங்கியதை என்ன செய்கிறோம் என்பதில்தான் தவறிக்கொண்டிருக்கிறோம். இப்போது திருத்திக்கொள்ளாவிட்டால் பிறகு வழியில்லை. கல் நட்டு, வேலி போட்டு, ஜேசிபி மேல்மண்ணை வழித்துப்போட்ட பிறகு எந்தத் தீர்ப்பும் அதைப் பழைய வயலாக்காது.

தொழிற்சாலை ஓசூருக்குச் செய்ததை நான் மறக்கவில்லை. 1971-ல் சிப்காட் தொடங்கியபோது பெங்களூர்ச் சாலையில் இது ஒரு சிற்றூர். தர்மபுரி மாவட்டத்தின் கடைக்கோடி. அசோக் லேலண்ட் வந்தது, டிவிஎஸ் வந்தது, டைட்டன் வந்தது. அவற்றுக்குப் போல்ட்டும் நட்டும் வார்ப்படமும் செய்துகொடுக்க நூற்றுக்கணக்கான பட்டறைகள் வந்தன. ஐடிஐ முடித்த பையன் சட்டைப்பையில் அடையாள அட்டையோடு பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது, அவன் வீட்டில் முதன்முறையாக மாதச்சம்பளம் என்ற ஒன்று நுழைந்தது. 2019-ல் ஓசூர் மாநகராட்சி ஆனதே அந்த உழைப்பின் விளைவு. இந்தப் பெருமை உள்ளவர்களிடம்தான் நான் பேசுகிறேன்.

அன்றைக்கு இந்தப் பக்கம் ராகியும் கொள்ளும் விளைந்த மானாவாரி நிலம் அதிகம். இன்றைக்கு அப்படியா? உத்தனப்பள்ளி, சூளகிரி, தளி, பாகலூர் பக்கம் போய்ப் பாருங்கள். வங்கிக் கடனில் எழுந்த பசுமைக்குடில்கள், சொட்டுநீர்க் குழாய்கள், ரோஜா, குடைமிளகாய், முட்டைக்கோஸ். ராயக்கோட்டைச் சந்தையிலிருந்து தக்காளி லாரி லாரியாக வெளியூர் போகிறது. இந்த நிலத்தையும் ஆவணத்தில் ‘புஞ்சை’ என்று ஒரே சொல்லில் எழுதிவிடலாம். அடங்கலில் ஒரு பருவத்தில் பயிர்ப்பதிவு விட்டுப்போனால் ‘தரிசு’ என்றும் ஆக்கிவிடலாம். நிலத்தை நேரில் மிதிக்காமல் மேசையில் அமர்ந்து காகிதத்தைப் புரட்டுபவருக்கு அது காலி இடமாகத்தான் தெரியும். வருவாய்த் துறை நண்பர்களே, அந்தச் சொல்லை எழுதும் முன் ஒருமுறை வயலுக்குப் போய் வாருங்கள். உங்கள் பேனாவின் ஒரு வரி ஒரு குடும்பத்தின் இருபதாண்டு உழைப்பை இல்லையென்று ஆக்கிவிடும்.

ரோஜாக் குடிலுக்குள் விடிகாலையில் வேலை நடக்கும். பெண்கள் வரிசைக்கு ஒருவராக நின்று மொட்டு மொட்டாகப் பார்த்து, விரியாதிருக்க வலைத்தொப்பி மாட்டுவார்கள். அளவுக்கு வந்ததைக் கத்தரித்து வாளித் தண்ணீரில் வைப்பார்கள். பிறகு தண்டின் நீளம் பார்த்துத் தரம் பிரித்து, இருபது இருபதாகக் கட்டி, அட்டையைச் சுற்றுவார்கள். முள் குத்திய விரல்நுனியில் பழைய துணியைச் சுற்றியிருப்பார்கள். இந்தப் பெண்களுக்கு அங்கே ஒரு சென்ட் நிலமும் கிடையாது. நாளைக்கு அந்தக் குடில் இருக்கும் சர்வே எண் அறிவிக்கையில் வந்தால் நிலக்காரர் பெயர் வரும், பட்டா எண் வரும், மரக்கணக்கும் கிணற்றுக் கணக்கும் வரும். இவர்கள் பெயர் எங்கே வரும்? 2013-ம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம், பாதிக்கப்படும் குடும்பம் என்பதில் மூன்று ஆண்டுகளாக அந்த நிலத்தை நம்பி வாழும் விவசாயக் கூலிகளையும் குத்தகைதாரர்களையும் வாரதாரர்களையும் சேர்த்தே சொல்கிறது. குடும்பத்துக்கு ஒரு வேலை, அல்லது ஒரே தவணையில் 5 லட்சம் ரூபாய், அல்லது இருபது ஆண்டுகளுக்கு மாதம் 2,000 ரூபாய் என்று அதன் இரண்டாம் அட்டவணை வழியும் காட்டுகிறது. சட்டம் எண்ணச் சொன்னவர்களை எண்ணாமல் விடுவது வெறும் அலுவலகக் கவனக்குறைவு ஆகாது. கூலிக்காரியிடம் திருடுவதுதான் அது. கணக்கெடுக்கப் போகிறவர்கள் நிலக்காரர் வீட்டுத் திண்ணையோடு நின்றுவிடாதீர்கள். காலனிக்குப் போங்கள், தோப்புக்குள் கொட்டகை போட்டிருப்பவரிடம் போங்கள். பட்டா இல்லாமல் தாத்தா காலத்திலிருந்து உழுபவரிடமும் போங்கள்.

தமிழ்நாட்டில் நிலமெடுக்க ஒரு குறுக்குவழி இருக்கிறது. மாநிலத்துக்கென்று 1997-ல் தொழில் நோக்கங்களுக்கான நிலமெடுப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. 2013-ல் மத்தியச் சட்டம் வந்து, தனியார் திட்டமென்றால் 80 விழுக்காடு பேரின் ஒப்புதல், அரசும் தனியாரும் கூட்டாகச் செய்வதென்றால் 70 விழுக்காடு ஒப்புதல், அதற்கும் முன்னால் சமூகத் தாக்க மதிப்பீடு என்று விதித்தது. மாநிலமோ தன் சட்டத்தை அந்த நிபந்தனைகளிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டது. 2019-ல் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. உடனே பேரவையில் புதுச் சட்டம் இயற்றி உயிர்கொடுத்தார்கள். 2021-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆக, இழப்பீட்டுத் தொகை புதிய சட்டப்படி கிடைக்கும். ஒப்புதல் கேட்கும் கடமை மட்டும் கிடையாது. சட்டப்படி இது சரி. சட்டம் விட்டுக்கொடுத்தது என்பதற்காக நாமும் மனிதரைக் கேட்காமல் இருக்க வேண்டுமா? கேட்கக் கூடாதென்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஓசூர் கேட்கலாம். ‘எங்கள் ஊர்த் தொழிற்பேட்டைக்கு நூற்றுக்கு எண்பது பேரில் ஒருவர் குறைந்தாலும் நிலம் வேண்டாம்’ என்று ஒரு மாநகராட்சி மன்றம் தீர்மானம் போட்டால் அது தமிழ்நாட்டுக்கே வழிகாட்டும்.

கேட்காமல் எடுக்கப் போனால் எங்கே போய் முடியும் என்பதைச் செய்யாற்றுக்கு அருகிலுள்ள மேல்மா காட்டிவிட்டது. செய்யாறும் சிறிய நகரம்தான். அங்கேயும் தொழிற்பேட்டை ஆயிரக்கணக்கான பெண்களுக்குக் காலணி ஆலைகளில் வேலை கொடுத்திருக்கிறது. அதன் விரிவாக்கத்துக்கு 3,174 ஏக்கர் எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்ததும் மேல்மாவும் சுற்றுப்பட்ட ஊர்களும் 2023 ஜூலையில் பந்தல் போட்டு உட்கார்ந்தன. நான்கு மாதங்கள். நவம்பரில் இருபது பேர் கைது. அவர்களில் ஏழு பேர் மீது குண்டர் சட்டம். விளைநிலத்தைக் கொடுக்க மாட்டேன் என்று சொன்னவரும், கள்ளச்சாராயம் காய்ச்சுபவரும் போதைப்பொருள் விற்பவரும் ஒன்றாம் அந்தச் சட்டத்தின் முன். மாநிலமெங்கும் கண்டனம் எழுந்த பிறகு ஆறு பேர் மீதான ஆணையைச் சில நாட்களில் திரும்பப் பெற்றார்கள். ஆணையைத் திரும்பப் பெறலாம். நள்ளிரவில் வீட்டுக்கதவு தட்டப்பட்ட குழந்தையின் நெஞ்சிலிருந்து எதைத் திரும்பப் பெறுவது? அதே 2023-ல் நம் உத்தனப்பள்ளியிலும் நாகமங்கலம், அயர்னப்பள்ளி ஊராட்சிக்காரர்களோடு சேர்ந்து விவசாயிகள் ஐந்தாவது சிப்காட்டை எதிர்த்து மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே குறிவைக்கப்பட்டதும் 3,000 ஏக்கருக்கு மேல். இங்கிருந்து அரை மணி நேரப் பயணம். நகரத்திலிருந்து எத்தனை பேர் போய் அவர்கள் சொன்னதை உட்கார்ந்து கேட்டோம்?

நிலம் போதவில்லை என்று சொல்வதற்குமுன் கையில் இருப்பதை எண்ண வேண்டும். சிப்காட் மனையை 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுக்கிறது, குறித்த காலத்துக்குள் உற்பத்தி தொடங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. சுற்றுச்சுவரும் காவலாளி அறையும் மட்டும் கட்டி, விலை ஏறட்டும் என்று காத்திருக்கும் மனைகள் எந்தத் தொழிற்பேட்டையில் இல்லை? தொழில் தொடங்கத் துடிக்கும் சின்னப் பட்டறைக்காரர் ஷெட்டுக்கு மாதாமாதம் வாடகை கொடுத்துக்கொண்டிருக்க, பக்கத்து மனையில் சீமைக்கருவேலம் வளர்கிறது. நாடு முழுவதும் இதே கதை. சிறப்புப் பொருளாதார மண்டலங்கள் பற்றி 2014-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தந்த அறிக்கைப்படி, அறிவிக்கப்பட்ட 45,635 ஹெக்டேரில் 28,488 ஹெக்டேரில்தான் வேலை தொடங்கியிருந்தது. மீதி வேலிக்குள் கிடந்தது. நாங்குநேரியில் 2,500 ஏக்கருக்கு மேல் எடுத்து வைத்து, பெரும்பகுதி ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்ததைத் தெற்கே போகிறவர்கள் நெடுஞ்சாலையிலிருந்தே பார்த்திருக்கிறார்கள். தொழில் அமைப்புகளே, நீங்கள் உண்மையாகவே தொழிலுக்காகத்தான் நிலம் கேட்கிறீர்கள் என்றால், உங்களில் யார் யார் மனையைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியலை நீங்களே வெளியிடுங்கள். உறுப்பினர் மனம் கோணும் என்று தயங்காதீர்கள். அந்தப் பட்டியல் வராத வரை புது நிலம் கேட்டு ஆட்சியருக்குக் கொடுக்கும் எந்த மனுவுக்கும் அறத்தின் பலம் இராது.

சிங்கூரையும் நினைவில் வையுங்கள். மேற்கு வங்கத்தில் கார் ஆலைக்காக 2006-ல் எடுத்த 997 ஏக்கர். மனமில்லாதவரிடமும் எடுத்தார்கள். போராட்டம் வெடித்து 2008-ல் ஆலை குஜராத்துக்குப் போனது. நிலத்தை எடுத்துப் பத்து ஆண்டு கழித்து, 2016-ல், நிலமெடுப்பே செல்லாது, திருப்பிக் கொடுங்கள் என்றது உச்ச நீதிமன்றம். திரும்பி வந்த நிலத்தில் கான்கிரீட்டும் கூளமும் இருந்தன. உழவருக்கு வயல் போனது, ஊருக்கு ஆலை போனது. அவசரத்தில் மனிதரை மிதித்துக்கொண்டு ஓடினால் தொழிலும் தங்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இடைத்தரகர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அறிவிக்கை வருவதற்கு முன்பே எந்த சர்வே எண்கள் என்று சிலருக்குத் தெரிந்துவிடுகிறது. ஊருக்குள் கார் வருகிறது. மகள் கல்யாணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ பணமுடையில் இருப்பவரைத் தேடிப் பிடித்து, கொஞ்சம் முன்பணம் கொடுத்து, அக்ரிமென்ட் போட்டு, பவர் எழுதி வாங்குகிறார்கள். பிறகு அரசு தரும் இழப்பீடும் அதன் மேல் வரும் ஆறுதல் தொகையும் யார் கைக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நகரத்தில் வெள்ளைச் சட்டையோடு நம் பக்கத்து நாற்காலியில் உட்காருபவர்கள்தான் இவர்கள். கோயில் திருப்பணிக்கும் பள்ளி ஆண்டுவிழாவுக்கும் நன்கொடை தருகிறார்கள். மேடையில் பொன்னாடை போர்த்துகிறோம். போர்த்தாதீர்கள். அந்தப் பணத்தை வாங்காதீர்கள். அலுவலகத்திலிருந்து வரைபடத்தை முன்கூட்டியே கொடுத்தவர் யாரென்று தெரிந்தால் வாய்திறந்து சொல்லுங்கள்.

நிலம் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. விற்பதும் விற்காததும் உங்கள் உரிமை. யாரும் உங்களைத் துரோகி என்றோ பேராசைக்காரர் என்றோ சொல்லக் கூடாது. ஆனால் பட்டா இறந்துபோன அப்பா பெயரில் இருக்கும்போது, கட்டிக்கொடுத்த அக்காவின் கையெழுத்தை வாங்காமல், வாரிசுச் சான்றிதழில் அவர் பெயரை மறைத்துப் பணம் வாங்க நினைக்காதீர்கள். விசாரணை நாளன்று தாலுகா அலுவலக வராந்தாவில் நின்று பார்த்தால் தெரியும். ஒரே வயலில் விளையாடி வளர்ந்தவர்கள் மஞ்சள்பையில் தனித்தனி ஆவணத்தோடு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார்கள். வழக்கு முளைத்தால் தொகை நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்குள் வெளியில் நிலவிலை ஏறி, கைக்கு வரும் பணத்தில் பாதி ஏக்கர்கூட வாங்க முடியாமல் போகும்.

தண்ணீரையும் காட்டையும் விட்டுவிட்டு ஏக்கர் கணக்கு போடாதீர்கள். பெங்களூரின் கழிவைச் சுமந்து நுரைபொங்க வரும் தென்பெண்ணையைக் கெலவரப்பள்ளி அணையில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். இன்னும் ஆயிரக்கணக்கான ஏக்கர் ஆலைகளின் கழிவும் எங்கே இறங்கும் என்று சொல்லாமல் எந்தத் திட்டத்துக்கும் தலையாட்டக் கூடாது. சானமாவுக் காட்டுக்குக் குளிர்காலத்தில் வரும் யானைக்கூட்டம் ராகி வயலைத் தாண்டி அடுத்த காட்டுக்குப் போகும் வழியில் மதில் எழுப்பினால், அது எந்த ஊருக்குள் திரும்பும், யார் சாவார்கள் என்பதை வனத்துறையைக் கேட்டுத்தான் வரைபடம் வரைய வேண்டும். 2023-ல் நிறைவேற்றிய நில ஒருங்கிணைப்புச் சட்டம், 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டங்களுக்குள் ஏரியும் ஓடையும் சிக்கினால் அவற்றையும் சேர்த்தே திட்டத்துக்குத் தர இடம் கொடுக்கிறது. இராமநாயக்கன் ஏரியைக் காப்பாற்றக் குரல் கொடுக்கும் நகரத்துக்காரர்கள், கிராமத்து ஏரி போகும்போதும் அதே குரலைக் கொடுங்கள்.

அடுத்த கிராம சபைக்கு அதிகம் நாள் இல்லை. சூளகிரி, ஓசூர், கெலமங்கலம் ஒன்றியங்களில் எந்தெந்த ஊராட்சியில் நிலம் எடுக்க உத்தேசமோ, அந்த சர்வே எண்கள் அத்தனையும் அதற்கு முன்பே ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். அந்த ஊர்களில் பாதி வீடுகளில் தெலுங்கும் கன்னடமும்தான் பேச்சு. ஆகவே அறிவிப்பு அந்த இரண்டிலும் சத்தமாகப் படிக்கப்பட வேண்டும். ஆட்சியர் நேரில் வரட்டும், சிப்காட் அதிகாரி வரட்டும், நகரத்திலிருந்து தொழிற்சங்கத் தலைவர்களும் ஆலை முதலாளிகளும் மன்ற உறுப்பினர்களும் வரட்டும். காவல்துறை வண்டி வர வேண்டாம். கூலிக்காரப் பெண்கள் பேசி முடிக்கும் வரை யாரும் எழுந்து போக வேண்டாம். அவர்கள் சொன்னதை ஒரு சொல் விடாமல் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லோர் முன்னிலும் வாசித்துக் காட்டி, அதன் பிறகு கையெழுத்து வாங்குங்கள்.