பூச்சுக்கு அடியில் மறைத்த குறை



பிள்ளைக்கு நிக்காஹ் பேசி முடிந்ததும் பழைய வீட்டோடு சேர்த்து ஓர் அறை எடுக்கிறோம். அல்லது மாடி கட்டுகிறோம். முதல் மழையிலேயே தளம் ஒழுகுகிறது; பழைய சுவரும் புதுச் சுவரும் சேருமிடம் வெடிக்கிறது. மேஸ்திரியைக் கூப்பிட்டால், “கணக்குத்தான் முடிந்துவிட்டதே” என்கிறார். மனிதரிடம் முடிந்த கணக்கு அல்லாஹ்விடமும் முடிந்துவிட்டதா?

பெருமானார் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா எனக் கேட்ட நாயகம், ஏமாற்றுபவரைத் தம்மைச் சேராதவர் என்று கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. நனைத்தது மழை, மறைத்தது மனிதர். குற்றம் மறைத்ததில்தான்!

சிமெண்டைக் குறைத்துப் பூச்சால் மூடிய சுவரும் அத்தகைய குவியலே. கழுவாத கடல் மணலின் உப்பு உள்ளிருக்கும் கம்பியைத் துருவாக்குகிறது. சாதாரண சிமெண்ட் போட்ட தளத்தைக் குறைந்தது 7 நாட்களாவது ஈரமாக வைத்திருக்க வேண்டும். மூன்றாம் நாளே காயவிட்டுக் கூலி வாங்கினால், அந்தக் கூலி எப்படி முழு ஹலாலாகும்? அந்தத் தளத்தின் கீழே பிள்ளைகள் உறங்குகிறார்களே!

1869 முதல் 1876 வரை உஸ்மானிய ஆட்சியில் ஹனஃபி மத்ஹபின்படி தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ சட்டம், பலருக்கும் பொதுவாக வேலை செய்பவரின் கைவேலையால் நஷ்டம் விளைந்தால், அவர் அலட்சியம் காட்டாதிருந்தாலும் அவரே பொறுப்பு என்றது. அறிந்தே மறைத்தவரின் நிலை என்ன?

வீட்டுக்காரருக்கும் பொறுப்பு உண்டு. பழைய அஸ்திவாரம் மாடியைத் தாங்காது என்று எச்சரித்த பின்னும் வற்புறுத்தியவர், மூட்டைகளைக் குறைத்து வாங்கித் தந்தவர், பழி முழுவதையும் மேஸ்திரி தலையில் போடுவது நீதியல்ல. ஆபத்து என்று தெரிந்தும் கூலிக்காகக் கட்டிக் கொடுத்த மேஸ்திரியும் தப்ப முடியாது. மேஸ்திரி மீதுள்ள கோபத்தில், சொன்ன வேலையைச் செய்த சித்தாளின் கூலியை நிறுத்துவதோ பெரும் அநியாயம்.

கடனை எழுதிக்கொள்ளும்படி திருமறை (2:282) பணிக்கிறது. கட்டட வேலையிலும் அந்த வழியைப் பின்பற்றுவோம். கலவை என்ன, கம்பி எவ்வளவு, குறை தெரிந்தால் யார் செலவில் சரிசெய்வது என்பதைக் கடைக்கால் தோண்டுமுன்பே இரு சாட்சிகள் முன்னிலையில் எழுதிவைப்போம். குறை வெளிப்பட்டால், செய்தவர் தாமாக வந்து சரிசெய்யட்டும். பேச்சு முற்றினால் ஜமாஅத்துப் பெரியவர்கள், விவரமறிந்த பொறியாளரை அழைத்துப் பார்வையிடச் செய்து தீர்ப்புச் சொல்லட்டும்.

பூச்சு மனிதர் கண்ணைத்தான் மறைக்கும். வல்ல அல்லாஹ் நம் கைவேலையிலும் வாக்கிலும் அமானத்தைக் காக்கச் செய்வானாக! ஆமீன்.