இடம் யாருக்கு உரியது?

பேருந்தும் ஓர் ஊரைப் போன்றதே. முன்பின் அறியாதார் பலர் அதில் சிறிது நேரம் கூடி வாழ்கின்றனர். தத்தம் நிறுத்தம் வந்ததும் பிரிந்து போகின்றனர். ஊரில் நிலத்திற்கு எல்லைக்கல் உண்டு; உரிமைச் சீட்டு உண்டு. பேருந்தில் எவர்க்கும் சொந்த இடம் என்பது இல்லை. கட்டணம் செலுத்தியவர் பெறுவது பயணம் செய்யும் உரிமையே அன்றி, இருக்கும் இடத்தின் மீதான உடைமை அன்று. அவ்வாறாயின், எல்லார்க்கும் பொதுவான அந்தச் சிறு இடத்தில் ஒருவர்க்காக மற்றொருவர் எந்த அளவு ஒதுங்கவேண்டும்? அறநூல்கள் பேசும் பெரிய கேள்விகளுக்கு நடுவே இது சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு குழந்தைத் தள்ளுவண்டியை அக்கூட்டத்திற்குள் தள்ளிப் பார்த்தால், கேள்வியின் கனம் விளங்கிவிடும்.

ஜொகூரில் வாழும் ஒரு குடும்பம், பள்ளி விடுமுறையில் செந்தோசாத் தீவிலுள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவைக் காணப் புறப்படுகின்றது எனக் கொள்ளலாம். தந்தை, தாய், எட்டு வயதுப் பெண், இரண்டு வயது ஆண் குழந்தை. குழந்தைக்கு ஒரு தள்ளுவண்டி. லார்க்கின் நிலையத்தில் ஏறிய பேருந்து மலேசியக் குடிநுழைவுச் சாவடியில் நிற்கின்றது. எல்லாரும் இறங்கவேண்டும், மூட்டை முடிச்சுகளும் உடன் இறங்கவேண்டும். கடப்பிதழைக் காட்டிவிட்டு மீண்டும் ஒரு பேருந்து, கடற்பாலம், உட்லண்ட்ஸ் சாவடியில் மறுபடியும் இறக்கம், மறுபடியும் ஏற்றம். பின்னர்க் கிராஞ்சியில் பெருவிரைவுத் தொடர்வண்டி. டோபி காட்டில் தடமாற்றம். ஹார்பர்ஃபிரண்டில் இறங்கி, விவோசிட்டி மாடியேறி, 2007ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற செந்தோசா விரைவு வண்டி. இவ்வளவும் கடந்து பூங்காவின் வாயிலை அடைவதற்குள், தள்ளுவண்டியை மடக்குவதும் விரிப்பதுமாகத் தந்தையின் கைகள் சலித்துப்போகின்றன. பூங்காவின் முதல் விளையாட்டை அவர் அங்கேயே ஆடி முடித்துவிட்டார் எனலாம்.

2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அப்பூங்காவுக்குள்ளோ நிலைமை வேறு. அகன்ற பாதைகள், தள்ளுவண்டிகளை நிறுத்திவைக்கத் தனி இடங்கள், இல்லாதார்க்கு வாடகைக்கு வண்டிகள். அங்கே தள்ளுவண்டியில் அமர்ந்த குழந்தை அரியணை ஏறிய அரசன். வாயிலைத் தாண்டி வெளியே வந்ததும் அதே வண்டி பிறர் காலில் இடிக்கும் தடைப்பொருளாகிவிடுகின்றது. வண்டியும் மாறவில்லை, குழந்தையும் மாறவில்லை. மாறியது எது? பூங்காவில் கிடைத்த பரிவு நுழைவுச்சீட்டின் விலையுள் அடங்கியது. பேருந்தில் கிடைக்கவேண்டிய பரிவுக்கு விலைச்சீட்டு இல்லை. விலைக்கு வாங்கிய பரிவில் ஒரு பகல் முழுதும் திளைத்தவர்கள், அதே பரிவை விலையின்றியும் எல்லா இடத்தும் எதிர்பார்க்கத் தொடங்குவது இயல்பு. சுற்றுலாவிலிருந்து திரும்புவோர் பலர் முகத்தில் காணப்படும் சினத்திற்கு இதுவே காரணம் போலும்.

மாலை வருகின்றது. குழந்தை வண்டியிலேயே உறங்கிவிட்டது. கிராஞ்சியில் கடற்பாலம் நோக்கிச் செல்லும் பேருந்துக்கு நீண்ட வரிசை. அவ்வரிசையில் நிற்போருள் பெரும்பாலோர் சுற்றுலா சென்று மீள்வோர் அல்லர். விடியுமுன் ஜொகூரில் எழுந்து, பாலம் கடந்து, தொழிற்சாலையிலும் கடையிலும் உணவகத்திலும் நாள் முழுதும் நின்று உழைத்துவிட்டு வீடு திரும்பும் மக்கள். விரித்த தள்ளுவண்டி ஒன்று உள்ளே ஏறினால், நிற்கும் இருவர்க்கு இடம் இல்லாமற் போகும். அவ்விருவரும் அடுத்த பேருந்துக்குக் காத்திருக்கவேண்டும். மடக்கினால் உறங்கும் குழந்தையை எழுப்பவேண்டும், அது அழும், பாலம் கடக்கும்வரை அழும்.

என் செய்வது?

சட்டம் இதற்கு விடை கூறியிருக்கின்றது. சிங்கப்பூரின் பொதுப் பேருந்துகளில் தள்ளுவண்டியை மடக்கியே ஏற்றவேண்டும் என்பது நெடுநாள் விதி. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள்முதல் அவ்விதி தளர்த்தப்பட்டது. விரித்தபடியே ஏற்றலாம் என்றாயிற்று. சக்கர நாற்காலிக்கென ஒதுக்கிய இடத்தில் தள்ளுவண்டியை நிறுத்திக்கொள்ளலாம். ஆயின் சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால் அவர்க்கே முதலிடம். நல்ல விதிதான். எனினும், விதி சொல்வது எது செய்யலாம் என்பதை மட்டுமே. செய்யலாம் என்பதெல்லாம் செய்யத்தக்கதா என்னும் கேள்வியை அது வண்டியைத் தள்ளுவோரிடமே விட்டுவிடுகின்றது.

வரிசையில் நிற்கும் தொழிலாளி ஒருவர், “இவர்கள் இன்பச் செலவு செய்து வருகிறார்கள், நான் பிழைப்புக்காக நிற்கிறேன். நான் ஏன் ஒதுங்கவேண்டும்?” என்று எண்ணினால் அதனைத் தவறென்று தள்ளிவிட முடியாது. பயணத்தின் நோக்கம் உரிமையின் அளவை மாற்றுமா? குழந்தையைப் பொறுத்தவரை மாற்றாது. களைத்த குழந்தைக்கு விடுமுறை எது, வேலைநாள் எது என்று தெரியாது. அதன் உறக்கம் உண்மையானது. பெற்றோரைப் பொறுத்தவரை மாற்றும். அவர்கள் நேரத்தைத் தேர்ந்துகொள்ளக் கூடியவர்கள். தொழிலாளிக்கு அத்தேர்வு இல்லை. ஒரு மணி நேரம் முன்னதாகப் பூங்காவை விட்டுப் புறப்பட்டிருந்தால் இச்சிக்கலே எழாமற் போயிருக்கலாம். வானவேடிக்கையோ கடைசி விளையாட்டோ தவறிப்போகும், போகட்டுமே. ஆனால் இதைச் சொல்வது எளிது. நுழைவுச்சீட்டுக்காக மாதக் கணக்கில் வெள்ளி வெள்ளியாகச் சேர்த்த குடும்பத்திடம் அதைச் சொல்லிப் பார்க்கவேண்டும்.

இவ்விடத்தில் தள்ளுவண்டியின் வரலாற்றையும் சிறிது அறிந்துகொள்வது பயனுடையது. இங்கிலாந்தில் ஓவன் மெக்லாரன் என்னும் பொறியாளர் இருந்தார். போர் விமானங்களின் இறங்குசக்கர அமைப்பை வகுப்பதில் தேர்ந்தவர். மாஸ்கோவிலிருந்து வந்த அவருடைய மகள், கனத்த குழந்தைவண்டியை வைத்துக்கொண்டு பயணத்தில் படும் பாட்டைக் கண்டு, அலுமினியக் குழாய்களால் ஆகிய இலேசான வண்டி ஒன்றை 1965இல் உருவாக்கினார். அதன் எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. குடையைப்போல் ஒரு கையால் மடக்கலாம். விமானத்தின் சக்கரம் வானில் எழுந்ததும் மடங்கி உள்ளே ஒடுங்கும்; அந்த அறிவே குழந்தையின் வண்டிக்கும் உதவிற்று. அவ்வண்டியின் சிறப்பு ஓடுவதில் மட்டுமன்று. பிறர்க்கு இடம்விட்டு ஒடுங்குவதிலும் இருந்தது. பின்னாளில் வண்டிகள் பெருத்தன. பெரிய சக்கரங்கள், பை தொங்கவிடும் கொக்கிகள், கோப்பை வைக்கும் வளையங்கள் எல்லாம் சேர்ந்தன. சிலவற்றை மடக்குவதற்கு இருவர் வேண்டும். மடக்கவே முடியாதனவும் உண்டு.

அத்தகைய ஒரு வண்டியைப் பற்றிய வழக்கு இங்கிலாந்தின் மிக உயர்ந்த நீதிமன்றம்வரை சென்றது. 2012ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், டக் பாலி என்பவர் வெதர்பி என்னும் ஊரிலிருந்து லீட்ஸ் நகருக்குச் செல்லப் பேருந்து நிறுத்தத்திற்கு வந்தார். அவர் சக்கர நாற்காலியில் வாழ்பவர். லீட்ஸில் தொடர்வண்டி ஏறித் தம் பெற்றோரைக் காணச் செல்வது அவர் எண்ணம். பேருந்தில் சக்கர நாற்காலிக்குரிய இடத்தில், உறங்கும் குழந்தையோடு ஒரு தள்ளுவண்டி நின்றது. ஓட்டுநர் அத்தாயிடம் வண்டியை மடக்கி ஒதுங்குமாறு வேண்டினார். வண்டி மடங்காது என்றார் தாய். அப்பொழுது டக் பாலி, தம் நாற்காலியை மடக்கிவிட்டுப் பொது இருக்கை ஒன்றில் அமர்ந்துகொள்வதாகச் சொன்னார். அது பாதுகாப்பன்று என ஓட்டுநர் மறுத்துவிட்டார். பேருந்து போய்விட்டது. அடுத்த பேருந்தில் சென்ற அவர் தொடர்வண்டியையும் தவறவிட்டார்.

முதல் நீதிமன்றம் அவர்க்கு 5,500 பவுன் இழப்பீடு அளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் அதை நீக்கியது. ஈற்றில், ஏழு நீதிபதிகள் அமர்ந்த உச்ச நீதிமன்றம் 2017ஆம் ஆண்டு சனவரியில் தீர்ப்புரைத்தது. ஓட்டுநர் ஒருமுறை வேண்டிக்கொண்டு விட்டுவிடுவது போதாது. மறுப்பது முறையற்றது என அவர் கருதினால், அழுத்திச் சொல்லவேண்டும். வேண்டுமாயின் பேருந்தைச் சில நிமிடம் நிறுத்திவைத்து, மறுப்பவர் வெட்கி இடம்விடுமாறு செய்யவேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆயினும் இழப்பீடு மீண்டும் வழங்கப்படவில்லை. ஒதுங்க மறுத்தவரைக் கட்டாயமாக இறக்கிவிடவேண்டும் என்றும் அது கூறவில்லை.

இரு தேவைகளுள் எது பெரிது என்பதில் ஐயம் இல்லை. குழந்தையைத் தூக்கலாம், வண்டியை, எவ்வளவு இடர்ப்பட்டேனும், வேறிடத்தில் வைக்கலாம். சக்கர நாற்காலி அதில் இருப்பவரின் கால். காலை மடக்கி வைத்துவிட்டு வா என்று எவரிடமும் கூற முடியாது. மாற்றிக்கொள்ளக் கூடிய தேவை, மாற்றிக்கொள்ள முடியாத தேவைக்கு வழிவிடவேண்டும். அப்படியிருந்தும் அன்று மடக்கிக்கொள்ள முன்வந்தவர் எவர் என்பதை எண்ணும்போது மனம் அமைதி கொள்வதில்லை.

ஆனால் இவ்வழக்கில் வேறொன்றும் நோக்கத்தக்கது. நிகழ்ச்சியின் விவரத்தில் மூவரே வருகின்றனர்: தாய், ஓட்டுநர், டக் பாலி. இருக்கைகளில் அமர்ந்து சென்ற ஏனையோர் தீர்ப்பில் எங்கே வருகின்றனர்? பேருந்து நிறுத்திவைக்கப்படும்போது, தம் பார்வையால் அத்தாயை வெட்கப்படச் செய்யக் கூடியவர்களாக வருகின்றனர். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளவும், பையைப் பிடித்துக்கொள்ளவும், எழுந்து இடம் தரவும் கூடியவர்களாக அவர்களைச் சட்டம் எண்ணிப் பார்க்கவில்லை. சட்டத்தைக் குறை கூறுவதற்கில்லை; உதவி செய்யவில்லை என்பதற்காக எவரையும் வழக்குமன்றத்தில் நிறுத்த முடியாது. ஆனால் இரண்டு எளியவர்களை எதிரெதிராக நிறுத்தி, யார் ஒதுங்குவது என்று கேட்டுக்கொண்டே, வலியவர்கள் நலமாக அமர்ந்திருக்கும் காட்சி அந்தப் பேருந்துக்கு மட்டும் உரியதன்று.

“அந்தக் காலத்தில் பெண்கள் பிள்ளையை இடுப்பில் சுமந்தார்கள், தள்ளுவண்டியா கேட்டார்கள்?” என்று கூறும் முதியோர் இந்நாட்டில் பலர். கூற்று உண்மைதான். தோட்டங்களில் பால்மரம் வெட்டச் சென்ற தாய்மார், விடியற்காலை இருளில் உறங்கும் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார்கள். எதுவரை நடந்தார்கள்? ஆயாக் கொட்டகைவரை. அங்கே ஓர் ஆயா அப்பிள்ளையை ஏந்திக்கொண்டார். மாலையில் பாட்டியோ அத்தையோ பக்கத்து வீட்டு அக்காளோ மாற்றி மாற்றித் தூக்கினர். சுமை ஒரே இடுப்பில் நாள் முழுதும் இருந்ததில்லை. இன்று அடுக்குமாடியில் வாழும் தாய்க்குப் பாட்டி வேறு மாநிலத்தில். அத்தை வேறு நாட்டில். அவர்கள் எல்லாரும் செய்த வேலையை நான்கு சக்கரங்கள் செய்கின்றன. உறவினரின் கைகளை எடுத்துவிட்டு, எஞ்சிய சக்கரங்களையும் மடக்கு என்று சொல்லுவோர், முற்காலத்துத் தாயின் வலிமையை மட்டும் நினைவில் வைத்து, அவளைச் சூழ்ந்திருந்த கைகளை மறந்துவிடுகின்றனர்.

கொழுகொம்பு இன்றி வாடிய முல்லைக்குத் தேரை ஈந்து நடந்து திரும்பிய பாரியின் கதையைப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் அறிவர். விட்டுக்கொடுத்தலுக்கு அதைக் காட்டாத ஆசிரியர் இல்லை. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லவேண்டும். பாரி பறம்பு மலைக்கு வேந்தன். அவனுக்கு வேறு தேர்களும் இருந்திருக்கும். தள்ளுவண்டியோடு நிற்கும் தாய்க்கு அது ஒன்றே. பாரியின் இடத்தில் வைத்து எண்ணத்தக்கவர் அவள் அல்லள். இருக்கை கிடைத்து, கை கால் நலத்தோடு, சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருபவர்.

கிராஞ்சியில் பேருந்து வந்து நிற்கின்றது. கூட்டத்தைக் கண்ட தந்தை தாமாகவே வண்டியை மடக்குகின்றார். குழந்தை விழித்து அழுகின்றது. தாய் அதைத் தோளில் சாய்த்தபடி ஏறி, ஒரு கையால் கம்பியைப் பற்றுகின்றாள். இருக்கைகளில் இளைஞர் சிலர் கைப்பேசியில் கண்பதித்திருக்கின்றனர். பின்னாலிருந்து, தொழிற்சாலைச் சீருடை அணிந்த ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் எழுந்து, “இங்க வந்து உக்காரும்மா” என்கின்றார். தாய் தயங்குகின்றாள். எழுந்தவர் காலையிலிருந்து நின்றே வேலை செய்தவர் என்பது அவர் காலை மாற்றி மாற்றி ஊன்றுவதிலிருந்தே தெரிகின்றது. வேண்டாம் என்றால் அந்தப் பரிவைத் தள்ளியதாகும். அமர்ந்தால், பேருந்திலேயே மிகக் களைத்தவர் ஒருவரிடம் இடம் வாங்கியதாகும். தாய் அமர்கின்றாள், பெண்மணியின் உணவுப்பையை வாங்கித் தன் மடியில் குழந்தையின் பக்கத்தில் வைத்துக்கொள்கின்றாள். எட்டு வயதுப் பெண், மடக்கிய தள்ளுவண்டி சாய்ந்துவிடாதவாறு பிடித்துக்கொண்டு, இருவரையும் பார்த்தபடி நிற்கின்றாள்.