கொசுறும் கால் மணியும்

என் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். தராசு முள் நடுவில் நின்ற பிறகும் ஒரு சிட்டிகை பருப்பைச் சேர்த்துப் போட்டுத்தான் பொட்டலத்தை மடிப்பார். கொசுறு கேட்காதவர்களுக்கும் போடுவார். "முள்ளைப் பாக்கறது என் கண்ணு. பிசகுனா அவங்க பக்கமே பிசகட்டும்" என்பார்.

நான் கோவை கணபதியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பில் போடுகிறேன். அடுத்தவர்களுக்கு ஜாப் ஒர்க் செய்யும் இடம். மெஷின் ஓடும் நேரத்துக்கு மணிக் கணக்கில் கூலி. அதற்காகக் கம்ப்யூட்டரில் ஆக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் ஒரு டேபிள் அமைத்திருந்தேன். வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம் இரண்டையும் ஆபரேட்டர் பதிவார். வித்தியாசத்தை நிமிடமாக்கி, பதினைந்தால் வகுத்து, மிச்சம் இருந்தால் அடுத்த கால் மணிக்கு ஏற்றிவிடும் என் ஃபார்முலா.

ஒருநாள் சிறு தொழில் செய்யும் ஒருவர் இருபது உருப்படி கொண்டுவந்தார். ஒவ்வொன்றுக்கும் ஆறு நிமிடம். மொத்தம் இரண்டு மணி நேரம். பில்லில் ஐந்து மணி நேரம் வந்தது. ஒவ்வொரு ஆறும் தனித்தனியே பதினைந்தாக ஏறி, இருபது முறை கூடியிருந்தது. அவர் ஒன்றும் கேட்காமல் பணத்தை எண்ணி வைத்தார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஓடாத அந்த மூன்று மணி நேரம் யாருடையது?

ஆக்சஸ் நேரத்தை நாளின் பின்னமாகத்தான் வைத்திருக்கிறது. காலை ஆறு மணி கால், நண்பகல் அரை, ஒரு நிமிடம் 1440-இல் ஒரு பங்கு. நம் முன்னோரும் பின்னங்களை விட்டுவிடவில்லை. 320-இல் ஒரு பங்குக்கு முந்திரி என்று பெயர் வைத்துக் கணக்கு எழுதினார்கள். ஒரு நாளில் முந்திரி என்பது நாலரை நிமிடம். நான் ஒவ்வொரு உருப்படிக்கும் ஏற்றிய ஒன்பது நிமிடம் சரியாக இரண்டு முந்திரி. பெயருள்ள ஒன்றை, ஒன்றுமில்லாதது போல எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பக்கமும் சாயாத வழி உண்டா என்று தேடினேன். ஆக்சஸின் 'ரவுண்ட்' ஃபங்ஷன் சரிபாதியை இரட்டை எண்ணின் பக்கம் தள்ளும்: 10.5 பத்தாகும், 11.5 பன்னிரண்டாகும். ஆயிரம் பில்களில் ஏற்றமும் இறக்கமும் ஏறக்குறைய ஈடாகிவிடும். ஆனால் என் முன்னால் நிற்பவர் ஆயிரம் பேரின் சராசரி அல்ல. இன்னொருவருக்குக் குறைந்ததைக் காட்டி இவரிடம் கூடுதலாக வாங்கியதை நியாயம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

முதலாளியிடம் சொன்னேன். "ஒவ்வொரு ஜாப்புக்கும் செட்டிங் பண்றோமே, அந்த நேரத்துக்கு யாருப்பா காசு குடுப்பாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. "அதைத் தனி வரியா எழுதிரலாங்ண்ணா. உழைச்ச நேரம் உழைச்சதாவே பில்லுல தெரியட்டும்" என்றேன். ஒத்துக்கொண்டார். இப்போது டேபிளில் இருப்பது உண்மையான நிமிடங்கள் மட்டுமே. ஒருவருடைய ஒரு நாள் வேலையை முழுதும் கூட்டிய பிறகு, பில்லில் ஒரே ஒரு முறைதான் கால் மணிக்கு முழுமையாக்குகிறோம்.

மிஞ்சுவது அந்தக் கடைசித் துண்டு. அதிகம் போனால் பதினான்கு நிமிடம். அது எந்தப் பக்கம் போக வேண்டும்? நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் துலாக்கோலையும் வணிகத்தையும் பேசுகிறார். கோல் சமமாக நிற்பதே நீதி என்பதை நான் நம்புகிறேன். ஆனால் எந்த அளவுக்கும் கீழே அது காட்டாத ஒரு துளி இருக்கிறது. அந்தத் துளியை எந்தப் பக்கம் விடுவது என்று கோல் சொல்லாது; கோலைப் பிடித்திருப்பவர்தான் சொல்ல வேண்டும். அளக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ, அளவுக்கு அகப்படாத இழப்பையும் அவரே ஏற்பதுதான் அறம். அப்பா ஒரு சிட்டிகை பருப்பில் செய்துவந்தது அதைத்தான்.

ஆக்சஸில் 'இன்ட்' என்ற ஃபங்ஷன் பின்னத்தைக் கீழே இறக்கும். மேலே ஏற்ற வேண்டுமானால் உள்ளே ஒரு கழித்தல் குறி, வெளியே ஒரு கழித்தல் குறி போட வேண்டும். என் ஃபார்முலாவில் இரண்டும் இருந்தன. முதலாளியிடம் கேட்டுக்கொண்டு அவற்றை அழித்தேன். மறுமுறை அந்தச் சிறுதொழில்காரர் வந்தபோது மொத்தம் இரண்டு மணி எட்டு நிமிடம் ஆகியிருந்தது. இரண்டு மணிக்குப் பில் போட்டேன்.