குறையும் கூட்டலில் சேர்த்தி

குறையே இல்லாததுதான் ஒழுங்கா? இல்லை, ஒரு குறையை உள்ளே வைத்துக்கொண்டும் குலையாமல் இருப்பதா? வேதாந்தக் கேள்வி மாதிரி இருக்கிறதல்லவா? இயற்பியலின் ஒரு மூலையில் இதற்குக் கறாராகவே கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

1834ல் ஜான் ஸ்காட் ரஸ்ஸல் என்கிற எஞ்சினியர், ஸ்காட்லாந்தில் எடின்பரோ அருகே ஒரு கால்வாயில் படகு சட்டென்று நிற்பதைப் பார்த்தார். படகு நின்றது, அது தள்ளிக்கொண்டு வந்த தண்ணீர் நிற்கவில்லை. ஒற்றை மேடாகத் திரண்டு, உருக்குலையாமல் ஓடியது. ரஸ்ஸல் குதிரையில் ஒன்றிரண்டு மைல் துரத்திப் போனார். இந்த ஜாதி அலைக்கு 1965ல் ஸபுஸ்கியும் க்ரூஸ்கலும் வைத்த பெயர் சாலிட்டான். இரண்டு சாலிட்டான்கள் மோதினாலும் நொறுங்காது. ஒன்றையொன்று கடந்து பழைய உருவத்திலேயே வெளியே வரும்.

காரணம், நீளம் ஒன்று, காலம் ஒன்று என்று இரண்டே பரிமாணம் கொண்ட சில களக் கோட்பாடுகளில் ஆற்றலும் உந்தமும் மட்டுமல்ல, மாறாமல் காக்கப்படும் அளவுகள் முடிவில்லாமல் இருக்கின்றன. இத்தனை ஆடிட்டர்கள் உட்கார்ந்திருந்தால் எந்த அலை தப்புத்தண்டா பண்ண முடியும்?

சரி, அலை போகிற வழியில் ஓரிடத்தில் ஒரு முறிவை வைத்தால்? கண்டபடி வைத்தால் ஒழுங்கு பாழ். ஆனால் 2003ல் பௌகாக், காரிகன், ஸாம்போன் என்ற மூவர், சிலவகை முறிவுகளில் அந்த ஒழுங்கு பிழைக்கும் என்று காட்டினார்கள். முறிவின் இரு பக்கமும் ஒட்டவே வேண்டாம். களம் அங்கே துண்டாகவே இருக்கலாம். ஆனால் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் என்ன உறவு என்பதில் கண்டிப்பான விதி உண்டு. பேக்லுண்ட் என்ற ஸ்வீடன்காரர் 19ம் நூற்றாண்டில் வளைந்த பரப்புகளுக்காக எழுதிவைத்த விதி அது!

சைன்-கார்டன் என்ற மாடலில், முறிவைச் சந்திக்கும் சாலிட்டான் கொஞ்சம் தாமதமாக மறுபக்கம் போய்ச் சேரலாம். தலைகீழாக, எதிர்-சாலிட்டானாக மாறிப் போகலாம். வேகம் சரியாக ஒரு மதிப்பில் அமைந்தால், முறிவே அதை விழுங்கிவிடும். வந்த வழியே திருப்பி அனுப்புவது மட்டும் கிடையாது.

எனக்கு ஆச்சரியம் உந்தத்தில்தான். எல்லா இடமும் ஒன்றுபோல இருந்தால்தான் உந்தம் மாறாமல் இருக்கும். ஓரிடத்தில் மட்டும் முறிவு என்றால் கணக்கு உதைக்க வேண்டும். அலையை மட்டும் கூட்டினால் உதைக்கத்தான் உதைக்கிறது. முறிவின் பங்கையும் சேர்த்துக் கூட்டுங்கள், டேலி ஆகிவிடுகிறது.

'அதனால எல்லாக் குறையையும் சகிச்சுக்கோங்க' என்று ஃபிசிக்ஸ் உபதேசிப்பதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சமன்பாட்டுக்கு நியாய அநியாயம் தெரியாது. கண்ட முறிவையும் அது ஏற்பதுமில்லை. ஆனால் குறையும் ஒழுங்கும் சேர்ந்து இருக்கவே முடியாது என்ற நம் நினைப்பு தப்பு என்று காட்டிவிடுகிறது. அதுவே போதும்.

வீட்டிலோ ஆபீசிலோ ஒத்துப்போகாத ஒருத்தரைக் காட்டி, 'இந்த ஆள் மட்டும் இல்லேன்னா எல்லாம் சரியாயிடும்' என்கிறோம். அவர் மௌனமாக வாங்கிக்கொண்டதை, யாருக்கும் தெரியாமல் தாங்கிக்கொண்டதைக் கூட்டலில் சேர்த்தோமா? முதலில் சேர்த்துப் பார்க்கலாம். அப்போதும் கணக்கு உதைத்தால், பிறகு அவரைக் குறை சொல்லலாம்.