போரிலிருந்து வந்தவருக்குப் பண்டிகைப் பரிசு

போர்முனையிலிருந்து திரும்பும் சிப்பாய்க்குப் பண்டிகை நாளில் பரிசு கொடுப்பது, அந்தப் போரை ஆதரிப்பதாகுமா? ஈராக் போரை எதிர்த்த அமெரிக்கர் ஒருவர் கிறிஸ்துமஸ் பொட்டலம் கட்டத் தயங்கினால், அந்தத் தயக்கத்தை மதிக்க வேண்டும். ஆனாலும் அது சரியான முடிவல்ல. 2002 அக்டோபரில் போருக்கு அனுமதி தந்தது அந்நாட்டு நாடாளுமன்றம். செலவுக்குப் போனதில் எதிர்த்தவர்களின் வரிப்பணமும் உண்டு. முடிவெடுத்தவர்களை விட்டுவிட்டு, காலை இழந்து வந்தவரிடம் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வது நியாயமாகாது. களத்தில் குற்றம் செய்தவரை நீதிமன்றம் விசாரிக்கட்டும், அது வேறு.

1914 கிறிஸ்துமஸுக்கு, பிரிட்டனில் இளவரசி மேரியின் பெயரால் மக்களிடம் நிதி திரட்டி, படையினருக்குப் பித்தளைப் பெட்டிகளில் பரிசு அனுப்பினார்கள். புகைப்பவர்களுக்குப் புகையிலையும் பைப்பும். புகைக்காதவர்களுக்குப் புளிப்பு மிட்டாயும், கடிதம் எழுதத் தாளும் பென்சிலும். சீக்கியச் சிப்பாய்களுக்குக் கற்கண்டும் ஒரு சிறு டப்பா மசாலாப் பொருட்களும். காயம்பட்டு மருத்துவமனையில் கிடந்தவர்களையும் மறக்கவில்லை. அந்தப் பேரரசின் போரை எவ்வளவு கடுமையாகக் கண்டித்தாலும், புகையிலையைத் தொடாத சீக்கியரை நினைத்துக் கற்கண்டு வைத்த மனத்தைக் குறை சொல்ல முடியாது. வாங்கிக்கொள்பவர் யார், அவருக்கு எது ஆகும், எது ஆகாது என்று யோசித்துக் கொடுத்த பரிசு அது. போருக்குப் பாராட்டுப் பத்திரமாக அதைப் படிக்க வேண்டியதில்லை.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஒரு பொட்டலத்தை அனுப்பிவிட்டு, பட்ட கடன் தீர்ந்தது என்று சமூகம் நிம்மதியாக இருந்துவிடும் என்பார்கள். இந்த அச்சம் உண்மையானது. வாஷிங்டனில் இருந்த வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையின் நிலையை 2007 பிப்ரவரியில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ வெளிக்கொண்டு வந்தது. காயமடைந்து திரும்பியவர்கள் தங்கியிருந்த 18ஆம் எண் கட்டடத்தில் சுவரெல்லாம் பூஞ்சை, எலிப் புழுக்கை, கரப்பான்பூச்சி. மூளையில் அடிபட்டவர்கள்கூடத் தங்கள் காகிதங்களுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்தார்கள். செய்தி வந்து சில வாரங்களில் தரைப்படைச் செயலர் பதவி விலகினார். வீரர்களைப் போற்றுவதில் எந்தக் குறையும் வைக்காத நாட்டில்தான் இது நடந்தது.

அதற்காகப் பரிசை நிறுத்தினால் அந்தச் சுவர் சுத்தமாகிவிடாது. கொடுப்பவர் பண்டிகையோடு ஒதுங்கிக்கொள்ளாமல் இருந்தால்தான் சுத்தமாகும். டிசம்பரில் பொட்டலம் அனுப்புகிறவர்கள் ஜனவரியில் தங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதமும் எழுதட்டும்: அந்த மனிதரின் சிகிச்சை எப்படி நடக்கிறது, ஊன ஓய்வூதியம் கைக்கு வந்ததா என்று கேட்டு.